தெரியும்... ஆனால் வார்டில்? – நர்சிங் மாணவர்களும் நோயாளி பாதுகாப்பும்

கை கழுவுவது எப்படி என்று எந்த நர்சிங் மாணவியை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண்... வரிசை மாறாது. மருந்து கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய ஐந்து 'சரி'களும் அப்படித்தான். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். ஊசி போட்ட பிறகு மூடியைத் திரும்ப மாட்டக்கூடாது, பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நரம்பில் நேராகச் செலுத்தக்கூடாது, இதெல்லாம் வைவாவில் கேட்டால் தூக்கத்திலும் பதில் வரும். 2021-ல் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் செமஸ்டர் முறைக்கு மாறியபோது, நுண்ணுயிரியல் பாடத்தின் பெயரிலேயே தொற்றுத் தடுப்பையும் பாதுகாப்பையும் சேர்த்துவிட்டார்கள். ஆக, பாடத்தில் குறையில்லை.

அதே மாணவி இரண்டு வருடம் கழித்து வார்டில் எப்படி இருக்கிறார்? ஒரு நோயாளியைத் தொட்ட கையோடு அடுத்தவருக்கு பி.பி. பார்க்கப் போகிறார். ஊசி போட்டதும் மூடியை மாட்டி கிட்னி டிரேயில் வைக்கிறார். 'பதினாலாம் பெட்' என்று சொன்னால் பதினாலாம் பெட்டுக்குப் போகிறார். அங்கே படுத்திருப்பவர் யார் என்று கேட்பதில்லை. எல்லோரும் இப்படி என்று சொல்ல முடியாது. ஆனால் வார்டில் போஸ்டிங் பார்த்த எவரும் "அப்படியெல்லாம் நடப்பதே இல்லை" என்று மறுக்கவும் மாட்டார்கள்.

வழக்கமான விளக்கம் தயாராக இருக்கிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை." "செல்போன் வந்ததும் எல்லாம் போச்சு." வழக்கமான மருந்தும் தயார்தான். இன்னொரு வகுப்பு எடு, சுவரில் இன்னொரு சார்ட் ஒட்டு. 2019-லிருந்து வருடா வருடம் செப்டம்பர் 17 உலக நோயாளி பாதுகாப்பு தினம். அன்றைக்குப் போஸ்டர் போட்டி, ரங்கோலிப் போட்டி, உறுதிமொழி. ரங்கோலியைக் குறை சொல்லவில்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தெரியாதவர்களுக்குச் செய்யும் வைத்தியத்தை, தெரிந்தும் செய்ய முடியாதவர்களுக்குச் செய்தால் என்ன பலன்?

தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை அறுபது வருடங்களுக்கு முன்பே ஒருவர் அளந்து காட்டிவிட்டார். சார்லஸ் ஹாஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1966-ல் வெளியிட்ட பரிசோதனை அது. வார்டில் வேலையில் இருக்கும் நர்சுக்கு ஒரு போன் வரும். பேசுபவர் தன்னை ஒரு டாக்டர் என்று சொல்வார். அந்த நர்ஸ் அவரைப் பார்த்ததே கிடையாது. "இன்ன நோயாளிக்கு ஆஸ்ட்ரோடென் 20 மில்லிகிராம் கொடுத்துவிடுங்கள், நான் வந்து கையெழுத்து போடுகிறேன்" என்பார். மருந்து அலமாரியில் அந்தப் பெயரில் ஒரு டப்பா இருக்கும். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம் என்று டப்பாவின் மேலேயே எழுதியிருக்கும். (உள்ளே இருந்தது வெறும் சர்க்கரை. அப்படி ஒரு மருந்தே கிடையாது.) போனில் மருந்து எழுதக்கூடாது என்பது அங்கே விதி. அந்த மருந்து வார்டின் அனுமதிப் பட்டியலிலும் இல்லை. இத்தனை இருந்தும், 22 நர்சுகளில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கி நடந்தார்கள். அங்கே மறைந்திருந்த ஆள் வந்து தடுக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். நர்சிங் மாணவர்களுக்கு முக்கியமான பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது. இதே சூழ்நிலையைத் தாளில் எழுதி, "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று வேறு சிலரிடம் கேட்டார்கள். படித்து முடித்து வேலையில் இருந்த 12 நர்சுகளில் 10 பேர் கொடுக்க மாட்டோம் என்றார்கள். நர்சிங் மாணவிகள் 21 பேரிடம் கேட்டதில், 21 பேருமே கொடுக்க மாட்டோம் என்றார்கள்!

அந்த 21 மாணவிகள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்துகொண்டு, வகுப்பறைக்கான பதிலைச் சொன்னார்கள். அந்தப் பதில் சரியானதும்கூட. ஆனால் போன் மணி அடிக்கும்போது, எதிர்முனையில் ஒரு டாக்டரின் குரல் அவசரப்படுத்தும்போது, அதே வாயிலிருந்து அதே பதில் வருமா என்பதுதான் கேள்வி. வராது என்பதற்கு வேலையில் இருந்த 21 நர்சுகளே சாட்சி. அவர்களும் ஒரு காலத்தில் மாணவிகளாக இருந்து சரியான பதில் எழுதி பாஸ் ஆனவர்கள்தானே.

அப்படியானால் நர்சுகள் என்றாலே சொன்னதைச் செய்பவர்கள் என்று முடிவு கட்டலாமா? அதுவும் தப்பு. 1977-ல் ராங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்து பார்த்தார்கள். இந்த முறை மருந்து நர்சுகளுக்கு நன்றாகத் தெரிந்த வேலியம். இன்னொரு மாற்றம், பக்கத்தில் இருக்கும் சக நர்சுகளிடம் பேசிக்கொள்ளலாம். 18 பேரில் 2 பேர் மட்டும்தான் அளவுக்கு மீறிய மருந்தைக் கொடுக்கத் தயாரானார்கள். மருந்து தெரிந்ததாக இருந்ததும் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் "ஏங்க, இது சரியா இருக்கா பாருங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க முடிவது சின்ன விஷயம் இல்லை. நோயாளி பாதுகாப்புப் பழக்கம் என்று தடித்த புத்தகங்களில் எழுதியிருப்பதில் பெரும்பகுதி, அந்த ஒரு வார்த்தையைக் கேட்க முடிகிறதா முடியவில்லையா என்பதில்தான் இருக்கிறது.

இப்போது நம் ஊர் வார்டுக்குள் போய்ப் பாருங்கள். முதல் போஸ்டிங்கில் வரும் மாணவிக்கு அங்கே பெயர் கிடையாது. "ஸ்டூடண்ட், இங்க வாம்மா" அவ்வளவுதான். யூனிஃபார்மைப் பார்த்து எந்த வருடம் என்று தெரிந்துகொள்வார்கள். டெமோ ரூமில் பொம்மைக்கு ஊசி போடக் கற்றுக்கொண்டபோது டிரே நிறையப் பொருள்கள் வரிசையாக இருந்தன, நேரமும் வேண்டிய மட்டும் இருந்தது. வார்டில் பொம்மைக்குப் பதில் நாற்பது பேர், காலை எட்டரை மணிக்குள் ஊசி முடிய வேண்டும், ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ். மாணவி கை கழுவ வாஷ்பேசினைத் தேடிப் போனால், "என்னம்மா, எங்க போற? ஒவ்வொருத்தருக்கும் கழுவிட்டு இருந்தா மத்தியானம் ஆயிடும்" என்று ஒரு குரல் வரும். அப்புறம், ஏறக்குறைய எல்லா வார்டுகளிலும் ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்கும் அந்த வாக்கியம்: "அதெல்லாம் காலேஜ்ல. இங்க இப்படித்தான்."

மூன்று வருடம் படித்ததை இந்த ஒரு வாக்கியம் அழித்துவிடுகிறது. அழித்துவிடுகிறது என்பதுகூடச் சரியில்லை. படித்தது அப்படியே இருக்கும். பரீட்சைக்கு எடுத்து எழுத உதவும். மாணவி இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளப் பழகுகிறார். எக்ஸாமினர் வரும்போது ஒரு கணக்கு, மற்ற நாளெல்லாம் இன்னொரு கணக்கு. அந்த இரண்டாவது கணக்குக்குத்தான் பழக்கம் என்று பெயர்.

பெரியவர்களைப் பார்த்துத்தான் சின்னவர்கள் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை நிரூபிக்க ஆராய்ச்சி வேண்டியதில்லைதான். இருந்தாலும் செய்திருக்கிறார்கள். சிகாகோவில் ஒரு மருத்துவமனை பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்கு மாறியது. புதுக் கட்டடத்தில் கை கழுவும் வசதி அதிகம். கை கழுவுவது கூடியிருக்க வேண்டும் அல்லவா? கூடவில்லை. ஆனால் இன்னொன்று தெரிய வந்தது. அறையில் தன்னைவிட மேல்நிலையில் இருப்பவர் கை கழுவாமல் இருந்தால், கூட இருப்பவர்களும் கழுவுவது கணிசமாகக் குறைந்தது. 2003-ல் வெளியான ஆய்வு இது. நான்கு சுவரிலும் சார்ட் ஒட்டினாலும், நடுவில் நிற்கும் சீனியரின் கைதான் உண்மையான சார்ட் என்று ஆகிறது.

அதற்காக வசதியே தேவையில்லை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1994-க்கும் 1997-க்கும் இடையில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஆல்கஹால் திரவம் வைத்து, கூடவே ஒரு பிரச்சாரமும் நடத்தினார்கள். கை சுத்தம் 48 சதவீதத்திலிருந்து 66 சதவீதமாக உயர்ந்தது. மருத்துவமனையில் தொற்றுவதும் குறைந்தது. (முன்னேற்றம் நர்சுகளிடமும் உதவியாளர்களிடமும்தான், டாக்டர்களிடம் பெரிய மாற்றம் இல்லை என்று அந்த ஆய்வே சொல்கிறது. ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரின் கையையும் மாணவிகள் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.)

இவ்வளவு சொல்வதால் ஸ்டாஃப் நர்ஸ்தான் வில்லி என்று அர்த்தமில்லை. ராத்திரி டியூட்டியில் ஒரு வார்டு முழுக்க ஒரே ஆளாகச் சமாளிப்பவரிடம் போய், ஒவ்வொரு நோயாளிக்கும் இருபது விநாடி கை கழுவினீர்களா என்று கேட்பது நியாயமா? அவர் கண்டுபிடித்த குறுக்குவழிகள் சோம்பேறித்தனத்தால் வந்தவை அல்ல, ஆள் பற்றாக்குறையால் வந்தவை. சிக்கல் என்னவென்றால், அந்தக் குறுக்குவழிகளை எந்தக் காரணத்துக்காகக் கண்டுபிடித்தார் என்பது மாணவிக்குத் தெரியாது. மாணவி பார்ப்பது செய்கையை மட்டும். நாளைக்கு ஐந்து நோயாளிகள் மட்டுமே உள்ள ஐ.சி.யூ.வில் வேலை கிடைத்தாலும், அதே குறுக்குவழி கையோடு கூடவே போகும். போதாக்குறைக்கு, கற்க வந்த மாணவிகளையே பற்றாக்குறையை நிரப்பும் ஆட்களாக நடத்தும் இடங்களும் உண்டு. அங்கே மாணவியிடம் எதிர்பார்ப்பது வேகம். நிதானமாகச் செய்பவருக்கு 'ஸ்லோ' என்று பெயர் வந்துவிடும், அந்தப் பெயர் போஸ்டிங் முடியும்வரை போகாது.

நோயாளியை அடையாளம் காண்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் விஷயம்: பெயரைக் கேள், கேஸ் ஷீட்டோடு ஒப்பிடு. தமிழ்நாட்டு வார்டில் இது ஒரு வரியில் முடியாது. குடும்பப் பெயர் என்பதே இங்கே பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது. ஒரு எழுத்து இனிஷியல்தான். ஒரே மகளிர் வார்டில் எம். லட்சுமியும் கே. லட்சுமியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தால் என்ன ஆகும்? கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்குப் பெட் நம்பரும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளை உடுப்பில் ஒரு பெண் வந்து நின்று "நீங்க லட்சுமியா?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத பாட்டி "ஆமாம்மா" என்றுதான் சொல்வார். மரியாதைக்குச் சொல்வார், பயத்தில் சொல்வார், எதைக் கேட்டார்கள் என்று புரியாமலும் சொல்வார். "உங்க பேரு என்ன பாட்டி?" என்று கேட்டால் அந்தப் பிழைக்கு இடமில்லை, அவரே பெயரைச் சொல்லியாக வேண்டும். சரி, இனிஷியலை உறுதிப்படுத்தக் கணவர் பெயரைக் கேட்கலாம் என்றால், சில பாட்டிகள் அதைச் சொல்லவே மாட்டார்கள், பக்கத்தில் இருக்கும் மகளைப் பார்த்துச் சிரிப்பார்கள்! ஊர் பெயரைக் கேட்பது உத்தமம். இந்த மாதிரி விஷயங்களை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராது. நல்ல வார்டு சிஸ்டர் ஒருவர் பாட்டியிடம் கேட்பதை மாணவி ஒரே ஒரு முறை பார்த்தால் போதும், ஆயுசுக்கும் மறக்காது. "நீங்க லட்சுமியா" என்று கேட்பவரைப் பார்த்து வளர்ந்தாலும் அப்படித்தான், ஆயுசுக்கும் மறக்காது.

இன்சுலின் இன்னொரு உதாரணம். இந்தியாவில் புழங்கும் குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் நோயாளிக்குப் போவது இரண்டரை மடங்கு. சர்க்கரை சரிந்து மயக்கம், அதற்கு மேலும் ஆகலாம். அதோடு 'யூனிட்' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தை அவசரமாகக் கிறுக்கினால் அது பூஜ்யம் போலத் தெரியும்; பத்து நூறாகிவிடும். இப்படி ஒரு கிறுக்கலைப் பார்த்து முதலாம் வருட மாணவிக்குச் சந்தேகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வார்டு சிஸ்டரிடம் கேட்கிறார். "சிஸ்டர், இது பத்தா நூறா?" பதில் இரண்டு விதமாக வரலாம். "நல்ல வேளை கேட்டே, இரு, டாக்டர்கிட்ட கேட்டுடலாம்" என்பது ஒன்று. "இதுகூடத் தெரியாமத்தான் இங்க வந்தியா?" என்பது இன்னொன்று. இரண்டாவது பதில் கிடைத்தால் அன்றைக்கு நோயாளி தப்பிவிடுவார், ஏனென்றால் கேள்வி கேட்டாகிவிட்டது. அடுத்த முறை அந்த மாணவி கேட்கமாட்டார். அடுத்த முறை வரும் நோயாளிதான் பாவம்.

பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஊசி குத்திக்கொள்வதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை. மூடியைத் திரும்ப மாட்டும்போது மாணவியின் விரலில் ஊசி இறங்கிவிடுகிறது. அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை. மஞ்சள் காமாலை பி வகைக்கும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். ஆக, ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய நேரம் அது. ஆனால் சொன்னால் முதல் கேள்வி என்ன வரும்? "ஏன் மூடியை மாட்டின? கிளாஸ்ல சொல்லித் தரலையா?" அப்புறம் மேடத்துக்குத் தகவல், பிரின்சிபால் ரூம், விளக்கக் கடிதம், வீட்டுக்குப் போன். இதையெல்லாம் யோசித்து, குழாயில் விரலைக் கழுவிக்கொண்டு, ரூம்மேட்டிடம் மட்டும் சொல்லிவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடக்கும் மாணவிகள் உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண், தன் உயிரைவிடத் திட்டுக்குப் பயப்படும்படி ஒரு பயிற்சி முறை வைத்திருக்கிறது என்றால், அவர் நோயாளிக்கு நடந்த தவறை மட்டும் தானாக வந்து சொல்வார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

"கண்டிப்பு இல்லாவிட்டால் பிள்ளைகள் அலட்சியமாகிவிடும், இது உயிர் விஷயம்" என்பது இதற்கு வரும் எதிர்வாதம். அதில் நியாயம் இருக்கிறது. குடித்துவிட்டு டியூட்டிக்கு வருபவரையும், பார்க்காத பி.பி.யைப் பார்த்ததாக எழுதுபவரையும் மன்னிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தெரியாமல் நேர்ந்த பிழைக்கும் தெரிந்து செய்த ஏமாற்றுக்கும் ஒரே தண்டனை என்று வைத்தால், மாணவி முதல் வகையை மறைக்க இரண்டாவது வகையைச் செய்வார். பார்க்க மறந்த பி.பி. 120/80 ஆக மாறுவது அப்படித்தான். (வார்டில் எத்தனை பேருக்கு 120/80 என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.)

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருந்துப் பிழைகளைப் பற்றி மருத்துவமனைகளில் ஆய்வு செய்து 1996-ல் வெளியிட்டார். நன்றாக இயங்கும் நர்சிங் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததால் அல்ல, செய்ததைத் திறந்து சொல்ல முடிந்ததால் என்பது பிறகு புரிந்தது. நம் ஊரில் ஒரு வார்டு 'இந்த மாதம் பிழை எதுவும் இல்லை' என்று எழுதி அனுப்பினால் பாராட்டுகிறார்கள். உண்மையில் அங்கேதான் ஒருவர் போய் எட்டிப் பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம் என்றால், பெரிய பணம் கேட்கும் யோசனைகள் முதலில் தேவையில்லை. ஆள் பற்றாக்குறை தீர அரசாங்கம்தான் மனது வைக்க வேண்டும், அது தனிக் கதை. கல்லூரி செய்யக்கூடியது, கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரை வருகைப் பதிவு எடுத்துவிட்டுப் போகாமல் வார்டிலேயே நிற்க வைப்பது. மாணவிகளோடு சேர்ந்து அவரும் ஊசி போட வேண்டும், கை கழுவ வேண்டும், சந்தேகம் வந்தால் எல்லோர் முன்னாலும் அவரே சிஸ்டரிடம் கேட்க வேண்டும். மேடமே கேட்கிறார் என்றால் மாணவிக்கு வாய் தானாகத் திறக்கும். போஸ்டிங் முடியும் நேரத்தில் ரெகார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வரிசையில் நிற்பதற்குப் பதில் பத்து நிமிடம் உட்கார்ந்து, "இன்றைக்குத் தவறு நடக்க இருந்து தப்பியது என்ன?" என்று பேசலாம். யார் செய்தது என்ற கேள்வியே கூடாது, எப்படி நடக்க இருந்தது என்பது மட்டும். முதல் வாரம் யாரும் பேசமாட்டார்கள். மேடம் தன்னுடைய பழைய கதை ஒன்றைச் சொன்னால் இரண்டாவது வாரம் பேசுவார்கள்.

லாக் புக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். எத்தனை ஊசி போட்டாய், எத்தனை டிரெஸ்ஸிங் செய்தாய், எத்தனை பிரசவம் பார்த்தாய் என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. எண்ணிக்கை நிறைந்தால்தான் பரீட்சை எழுத முடியும், அதனால் மாணவிகள் எண்ணிக்கைக்கு ஓடுகிறார்கள். 'சந்தேகம் வந்து நிறுத்திக் கேட்டது' என்று ஒரு கட்டம் அதில் சேர்ப்பதற்குப் புதுப் பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஒரு ஸ்கேலும் பேனாவும் போதும். பக்கத்தில் கையெழுத்து போட வேண்டியவர் மட்டும் கல்லூரி மேடமாக இல்லாமல் வார்டு சிஸ்டராக இருந்தால் நல்லது. கையெழுத்து போடுவதற்காகவாவது, அந்தக் கேள்வியை அவர் முழுசாகக் கேட்டாக வேண்டும்.